நின்றுவிடக் கூடாத வண்டி

எங்கள் அப்பா 1986இல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். காலனியில் இருந்து ஏரிக்கரை வரை ஓட்டுவார். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இறங்கிவிடுவார். மாரியம்மன் கோயில், டீக்கடை, ரேஷன் கடை எல்லாவற்றையும் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார். அந்தப் பக்கம் தார்ச்சாலை வந்ததும் ஏறி மிதிப்பார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்கி நடக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "செயின் லூசா இருக்குடா" என்பார். பல வருடம் அந்தச் செயின் லூசாகவே இருந்தது.

2016இல் நான் ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி 800 வாங்கிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தினேன். 2004ஆம் வருட வண்டி. வெள்ளை நிறம், பின்பக்க பம்பரில் ஒரு கீறல். அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனோம். ஊர்த்தெரு முனை வந்ததும் அவர் கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போனது. அப்புறம் சிரித்தார். "இதையும் எறங்கித் தள்ளிகினு போவணுமாடா?" என்றார். நானும் சிரித்தேன். ஒரு வருடம் கழித்து அதே தெருவில் அந்தக் காரை உண்மையாகவே தள்ளினோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கார் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஆசையில் வந்தது இல்லை. 2015 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் இரவு அண்ணிக்கு வலி கண்டது. 108க்குப் போன் செய்தோம். வண்டி வேறொரு கேஸில் இருந்தது, வர நேரமாகும் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. அன்று மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. ஊரில் ஒருவரிடம் வாடகைக் கார் இருந்தது. அண்ணன் போய்க் கேட்டார். "ரோட்டுல தண்ணி, வண்டி எறங்காது" என்றார். "ரோட்டு முனை வரைக்கும் நாங்களே தூக்கிகினு வர்றோம்" என்று சொன்னோம். அப்போதுதான் உண்மையான பதில் வந்தது: "சீட் கவர் புதுசா போட்டிருக்கேன்பா." கடைசியில் பால் ஏற்றப் போகும் டாடா ஏஸ் ஒன்று கிடைத்தது. கேன்களுக்கு நடுவில், தார்ப்பாய்க்கு அடியில் அண்ணியை வைத்து முண்டியம்பாக்கம் கொண்டுபோனோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த சீட் கவர் என் மனதை விட்டுப் போகவில்லை.

சட்டமேதை அம்பேத்கர் தன் வாழ்க்கையில் நடந்தவற்றை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலைக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் படித்திருப்பீர்கள். அதில் இரண்டு வண்டிகள் வருகின்றன. 1901இல், சிறுவனாக, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டை வாடகைக்கு ஒருவர் சம்மதிக்கிறார். ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். இரண்டாவது, 1929 சாலிஸ்கான். அப்போது அவர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர், அரசு நியமித்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். அப்போதும் குதிரை வண்டிக்காரர் அவரை வைத்து ஓட்ட மறுக்கிறார். வண்டியை மட்டும் தருகிறார். மகர் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் ஓட்டுகிறார். அவருக்குக் குதிரை வண்டி ஓட்டிப் பழக்கம் இல்லை. பாலத்தில் சக்கரம் மோதி, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

முதல் சம்பவத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எனக்கு இரண்டாவதுதான் அடிக்கடி நினைவுக்கு வரும். வண்டி கிடைத்துவிட்டது. அதை ஓட்டத் தெரிந்த கை நம்மிடம் இல்லை.

நம் மாநிலக் கதையும் வேறல்ல. ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும், மாவட்டங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது.

சரி, வண்டிக்கு வருவோம். 58 ஆயிரம் ரூபாய். மகளிர் குழுவில் அம்மா எடுத்த கடன், என் மனைவியின் கம்மல், மீதி என் சேமிப்பு. பழைய காருக்கு வங்கியில் கடன் கிடைப்பது கடினம். பைனான்ஸில் போனால் வட்டி வண்டி விலையைத் தாண்டும். ஏன் மாருதி 800? நம் நாட்டில் சாதாரணக் குடும்பத்தையும் கார் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த வண்டி அது. 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். இதே அளவு எஞ்சின் ஆம்னியிலும் ஆல்ட்டோவிலும் பல வருடம் ஓடியதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. தாலுகா தலைநகரில் உள்ள சின்னக் கடையில்கூட ஆயில் ஃபில்டரும் கிளட்ச் கேபிளும் கிடைக்கும். பழைய வண்டி வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான தகுதி வேறு இல்லை. விலை மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கோ நின்றுபோன வெளிநாட்டுக் கம்பெனியின் காரை வாங்கிவிட்டு, ஒரு கண்ணாடிக்காகச் சென்னைக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கப் போனபோது புரோக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர் என்றார். சொன்னேன். எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு சார் கார், மெயின்டனன்ஸ் பண்ண முடியுமா?" என்றார். 'சார்' என்று சொல்லிக்கொண்டே ஒருவரை மட்டம்தட்ட முடியும் என்பதை அன்று கண்டேன்.

ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வியும்தான் என்று ஒரு வருடம் கழித்துப் புரிந்தது.

2017 ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். ரேடியோ செட் அலறுகிறது, தெரு நிறைய ஆட்கள். ஜிப்மரில் இருந்த அத்தையை டிஸ்சார்ஜ் செய்து அழைத்துக்கொண்டு வருகிறோம். முன்சீட்டில் அப்பா, பின்னால் அத்தையும் அம்மாவும் அண்ணன் மகனும். கூட்டத்துக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து போகும்போது பானட்டில் இருந்து புகை. புகை இல்லை, நீராவி. கோயிலுக்கு எதிரில் வண்டி நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் இப்போது யாரும் யாரையும் வெளிப்படையாக எதுவும் சொல்வதில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. பத்தடி தூரம். அதைத் தொடாதே என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் ஐந்து பேரில் யாருடைய காலும் அந்தப் பக்கம் போகவில்லை. எம்.ஏ. படித்த என் காலும் போகவில்லை. மேடையேறித் தண்ணீர் உரிமையைப் பற்றிப் பேசியவன் நான். மகாத் குளத்தைப் பற்றிப் பேசாத கூட்டமே இல்லை. அண்ணன் மகன் காலனிக்கு ஓடினான், குடத்தில் தண்ணீர் எடுத்துவர.

நானோ அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கொதிநீர் பீறிட்டு வலது கையில் அடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. என் சத்தம் கேட்டு, என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவர் கூட்டத்தில் இருந்து வந்தார். சுற்றும் ஒருமுறை பார்த்தார். போய் அந்தக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வந்தார். நான் வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை, தானே ஊற்றினார். என் கை வெந்திருந்ததைப் பார்த்துதான் தரவில்லையா, வாளியை என் கையில் தரக்கூடாது என்றுதான் தரவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை. கோயில் திண்ணையில் இருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

வண்டி கிளம்பவில்லை. அம்மாவும் அத்தையும் இறங்கிக்கொண்டார்கள். நான் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அப்பாவும் ஓடிவந்த எங்கள் பையன்கள் இரண்டு பேரும் பின்னால் இருந்து தள்ள, ஊர்த்தெரு முழுவதும் போனோம். யாரோ பின்னால் சிரித்தார்கள். அதற்குச் சாதிக் காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. நின்றுபோன காரைத் தள்ளுகிறவர்களைப் பார்த்து உலகமே சிரிக்கும். அப்பா மட்டும் எதுவும் பேசவில்லை. காலனி வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "செயின் லூசாயிடுச்சி" என்றார்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தார். ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்ச் வேலை செய்யவில்லை. சில நூறு ரூபாய்ப் பொருள். ஓடும் வண்டிக்குக் காற்றே போதும், கூட்டத்தில் ஊரும் வண்டிக்கு ஃபேன் ஓடியாக வேண்டும். ஓடவில்லை, கொதித்தது. கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றியதும் தவறு, அரைமணி நேரம் ஆறவிட்டிருக்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது. கழற்றி, லேத்தில் கொடுத்துத் தேய்த்து, திரும்ப மாட்ட ஆறாயிரத்து ஐநூறு ஆனது.

ஊர்த்தெருவில் இருக்கும் ஒருவருடைய கார் நின்றால், அது நின்றுபோன கார். அவ்வளவுதான். எதிர்வீட்டில் தண்ணீர் வாங்குவார், நாலு பேர் தள்ளுவார்கள், டீ குடிப்பார்கள். எங்கள் வண்டி நின்றுபோகக் கூடாத இடங்கள் என்று சில இருக்கின்றன. அவற்றை நாங்கள் வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை, உடம்பில் குறித்து வைத்திருக்கிறோம். அதனால் எங்களுக்குப் பழைய காரைப் பராமரிப்பது என்பது செலவுக் கணக்கு மட்டும் இல்லை.

அன்றில் இருந்து வண்டியைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு வாத்தியார் எங்கள் காலனிப் பையன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு ஒரு ஒர்க் ஷாப்பில் ஆறு வருடம் ஸ்பேனர் பிடித்தவன். எனக்குத் தம்பி முறை. அவன் கற்றுக்கொடுத்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், எஞ்சின் ஆறியிருக்கும்போதே பானட்டைத் திறந்து பாருங்கள். கூலன்ட் அளவு, ஆயில் குச்சி, பிரேக் ஆயில். இரண்டு நிமிட வேலை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்க்குள் வீட்டுப் பானையில் படிவதுபோல உப்புப் படியும், அடைக்கும். கடையில் கூலன்ட் வாங்கி டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே பால்காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். அப்படி இருக்கும் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். சைலன்சரில் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயிலையும் ஃபில்டரையும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று லிட்டருக்குள்தான் பிடிக்கும்.

வாங்கும்போது எல்லோரும் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். தரையைப் பாருங்கள். கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டை விலக்கி, விரலால் தட்டுங்கள். துரு இருந்தால் சத்தமே மாறும். பேட்டரி வைத்திருக்கும் தட்டு, கதவின் அடிப்பாகம், ஸ்டெப்னி வைக்கும் குழி இவையும் அப்படித்தான். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். துருப்பிடித்த உடம்புக்கு டிங்கரிங் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. வயதான டயர் வெடிப்பு விட்டிருக்கும், வெயிலில் வெடிக்கும்.

காலனி ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தார்ச்சாலை ஊரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஜல்லி, பள்ளம், மழைக்குச் சேறு. முன்சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் ஆக்சிலின் இருபக்கமும் ரப்பர் உறை உண்டு. ஜல்லி தெறித்து அது கிழியும், உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். பிறகு வண்டியைத் திருப்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் வரும். உறை கிழிந்தபோதே மாற்றினால் சில நூறு, விட்டுவிட்டால் ஆக்சிலையே மாற்ற வேண்டும். என் வண்டியில் இதை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. ரோடு போடச் சொல்லி நான் எழுதிய மனுக்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம். புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் அந்த ரோட்டுக்கு நாங்கள் கட்டும் வரி.

வண்டியை நிறுத்த எங்களுக்கு இடமும் கிடையாது. ஒதுக்கிய வீட்டுமனையில் வீடு கட்டினால் மாடு கட்டவே இடமில்லை. சந்துக்குள் கார் நுழையாது. தண்ணீர் டேங்குக்குக் கீழேதான் நிற்கும். கோழி அடியில் படுக்கும். அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்டதும் எலி வந்து ஒயரைக் கடிக்கும். இரவில் பானட்டைத் திறந்தே வைத்தால் எலி வராது என்கிறார் சித்தப்பா. சமயத்தில் வராமலும் இருக்கிறது.

பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால், கால் டேங்குக்குக் கீழே இறங்க விடக்கூடாது. காசு இல்லாதபோது நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டுவது நம் வழக்கம். அது பம்பைச் சூடாக்கிக் கெடுக்கும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று மோந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனருக்குத் தெரியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலில் அதை மாற்றுங்கள். டிக்கியில் ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஃபேன் பெல்ட், நாலு ஃபியூஸ், ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கும். அந்தத் தண்ணீர் கேன் 2017 ஆடியில் இருந்து இருக்கிறது.

இனி காகிதம். எங்கள் பையன்களை ரோட்டில் நிறுத்தினால் முதல் கேள்வி 'லைசென்ஸ் எங்கே' என்பது இல்லை. 'வண்டி யாருது?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் மட்டுமே பதில். நான் வாங்கிய வண்டி எனக்கு விற்றவர் பெயரிலேயே இல்லை. முதல் ஓனர் படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு வெறுமையாகக் கொடுத்துவிட்டார். அது இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. பல பேர் அப்படியே ஓட்டுகிறார்கள். கூடாது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் அது நல்லது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். எங்கள் உறவினர் ஒருவர் விற்றுத் தீர்த்த பைக்குக்காக மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இருந்து சம்மன் வாங்கினார். கூலி வேலையை விட்டு இரண்டு வருடம் அலைந்தார்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் இதை எஃப்.சி. என்போம். என் வண்டி 2019இலும் 2024இலும் காட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இருந்து இதற்கான கட்டணம் 5,000. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பழைய வண்டி ஓட்டுவது யார், புது வண்டி வாங்குவது யார் என்று பார்த்தால், இந்தக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பது புரியும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பழைய வண்டிக்கு எதற்கு என்று மூன்று வருடம் தேர்டு பார்ட்டி மட்டும் கட்டினேன். ஆயிரம் சி.சி.க்குள் இருக்கும் காருக்கு அது 2,094 ரூபாய், வரி தனி. ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அந்தத் தேர்டு பார்ட்டியில் ஒன்றும் இல்லை. எங்கள் காரில் நான் தனியாகப் போன நாட்கள் குறைவு. விடியற்காலை நான்கு மணிக்கு ஜிப்மர் போக வேண்டியவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள், நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். ஒருநாள் வழக்கறிஞர் நண்பர் இதைச் சொன்னதும் எனக்கு வேர்த்துவிட்டது. இத்தனை நாள் யாரையெல்லாம் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்! பேக்கேஜ் பாலிசி எடுத்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும். பெட்ரோலைப் பகிர்ந்துகொள்வது வேறு, வாடகை வாங்குவது வேறு. சொந்த போர்டு வண்டியில் வாடகை வாங்கினால், விபத்து அன்று கம்பெனி கைவிரிக்கும்.

பேக்கேஜ் பாலிசிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கலவரத்தில் வண்டிக்கு ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது தொலைக்காட்சிப் பெட்டி, சைக்கிள், டிராக்டர் என்று உழைத்துச் சேர்த்தவை எல்லாம் நொறுக்கப்பட்டன. சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு வாகனங்களும் எரிந்தன. சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய கல்லூரி மாணவர் வெட்டப்பட்ட செய்தி 2025 பிப்ரவரியில் வந்தது. தலித் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி சிலர் கண்ணுக்கு வண்டியாகத் தெரிவதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அமல். பொது இடத்தில் பட்டியலினத்தவர் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்வதைத் தடுத்தால் அது பிரிவு 3(1)(za)இன் கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "சைக்கிள்னே போட்டிருக்கானா?" என்று கேட்டார். போட்டிருக்கிறார்கள் என்றேன். முப்பது வருடம் கழித்து வந்த சட்டம். அவருடைய சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் எப்போதோ போட்டாயிற்று.

தம்பி முறை என்று சொன்னேனே, அவன் இப்போது மெயின்ரோட்டில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைக்கப் போகிறான். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு என்று மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். ஊர்க்காரர்கள் வண்டி கொண்டுவந்து விடுவார்களா என்று அவன் அம்மாவுக்குக் கவலை. "நின்னுபோன வண்டிக்காரன் மெக்கானிக் யாருன்னு கேக்க மாட்டான்" என்கிறான். கேட்பார்களா மாட்டார்களா, கடை திறந்த பிறகுதான் தெரியும். பூசைக்கு என் வண்டியைத்தான் முதலில் விட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

பால் கேன்களுக்கு நடுவில் போய்ப் பிறந்த அண்ணன் மகளுக்கு இப்போது பத்து வயது. முன்சீட்டுக்கு அவளுக்கும் அப்பாவுக்கும் தினமும் சண்டை. இந்த வாரம் வலது முன்சக்கரத்தில் உய்யென்று ஒரு சத்தம் வருகிறது. வீல் பேரிங்காக இருக்கும் என்கிறான் தம்பி. வெள்ளிக்கிழமை விடியற்காலை சித்தியை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். வியாழக்கிழமைக்குள் மாற்றிவிட வேண்டும்.